“நம்பி வந்தேன்” என்று பாட வாய் வராதபோது பாடலாமா?

கேள்வி: மாரண்டஅள்ளிப் பக்கத்து விவசாயி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பல நாட்களாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த ஒன்றை இங்கே கேட்கிறேன். பாலக்கோடு வட்டத்தில், மாரண்டஅள்ளிக்கு அருகே எனக்கு 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. தக்காளிதான் பிழைப்பு. எங்கள் ஊர்ச் சபையில் 18 வருடங்களாக ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு எடுத்துக் கொடுப்பவனும் நான்தான்.

640 அடியில் இருந்த எங்கள் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போன வருடம் வற்றிப்போனது. நகையை அடகு வைத்துப் பங்குனியில் இரண்டாவது போர் போட்டோம். துளை போடும் ரிக் வண்டி விடிய விடிய ஓடியது. 300 அடியில் மண்ணின் நிறம் கொஞ்சம் மாறியதைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றோம். அதற்குப் பிறகு 1,150 அடி வரைக்கும் வெறும் புகைதான் வந்தது. பக்கத்துப் புளியமரத்து இலைகள் மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டன. என் மனைவி அந்தத் தூளைக் கையில் அள்ளி, எங்காவது ஈரம் தட்டுப்படுமா என்று கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பே நட்டிருந்த செடிகளில் தப்பிப் பிழைத்தவை காய்த்தபோது சந்தையில் விலை விழுந்து கிடந்தது. பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் “நம்பி வந்தேன் மேசியா” என்ற கீர்த்தனையை வாசிக்க விரல்கள் ஓடுகின்றன, வாய் திறக்கவில்லை. நம்பிக்கை இல்லாத மனதோடு நம்பிக்கைப் பாட்டைப் பாடுவது தேவசந்நிதியில் பொய் சொல்வது ஆகாதா? அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை வருகிறது. வழக்கமாக ஒரு கூடைத் தக்காளியும் இரண்டு பரங்கிக்காயும் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைப்போம். இந்த வருடம் வெறுங்கையோடு போய் முன்னால் நின்று அந்தப் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியார், நான் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைத்ததால்தான் கர்த்தர் தண்ணீரை அடைத்துவிட்டார் என்றார். வேதத்தில் ஈசாக்குக்கு மூன்றாவது கிணறான ரெகொபோத்தில்தான் வழி கிடைத்தது, ஆகவே விசுவாசத்தோடு மூன்றாவது போரைப் போடு என்றும் சொன்னார். கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. என் மைத்துனர் கூடவே கூடாது என்கிறார். கடவுளைச் சார்ந்திருப்பது என்றால் இந்தச் சூழ்நிலையில் நான் செய்ய வேண்டியது என்ன?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கிருஷ்ணகிரி

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். போரைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

நீங்கள் பாட முடியாமல் தவிக்கும் அந்தப் பல்லவியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். “நம்பி வந்தேன்” என்பதில் “நம்பி” வினையெச்சம், “வந்தேன்” வினைமுற்று. எச்சம் தனியே நின்று பொருள் முடியாது. அது தன்னை முடித்துவைக்கும் வினையைத் தேடி நிற்கும். அந்த வாக்கியத்தின் பாரத்தைத் தாங்குவது “வந்தேன்” என்ற சொல். உங்கள் மனதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அந்தப் பாட்டு அளந்து கேட்கவில்லை. வற்றிய போரையும் அடகு வைத்த நகையையும் வைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் எழுந்து, குளித்து, ஆலயத்துக்கு வந்து, ஆர்மோனியத்தின் துருத்தியில் கை வைத்திருக்கிறீர்களே, அதுவே அந்த வினைமுற்று. அடுத்து வரும் “சரணம்” என்ற சொல்லும் அப்படித்தான். வேறு போக்கிடம் இல்லாதவன் சொல்லும் சொல் அது. வாழ்க்கை நன்றாக நடக்கிறவனுக்கு அதன் பொருள் பாதிதான் விளங்கும்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் “சத்தாய் நிஷ்களமாய்” பாடலை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். “அத்தா உன்னையல்லால் எனக்கார் துணை யாருறவே” என்று முடியும் அடியை அந்த வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மதம் மாறுவது சொந்தபந்தத்தை இழப்பதாக முடிந்த காலத்தில், உறவு யார் என்று ஒருவர் கேட்டால் அது அணிக்காகப் போட்ட கேள்வியாக இருக்க முடியாது. இன்னொன்றையும் ஆசிரியனுக்குரிய ஆசையோடு சொல்லிவிடுகிறேன். சுந்தரரின் “பொன்னார் மேனியனே” பதிகத்தின் நடையும் “உன்னையல்லால்” என்ற அதன் ஏக்கமும் இந்தப் பாட்டில் அப்படியே கேட்கும். கடவுளைச் சார்ந்து நிற்பதற்குத் தமிழ் ஏற்கனவே பழக்கிவைத்திருந்த மொழியில்தான் கிருஷ்ணபிள்ளை தன் ஆண்டவரைக் கூப்பிட்டார். பாட்டின் கடைசியில் அவர் எதையும் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. கேள்வி கேள்வியாகவே நிற்கிறது, அதைத்தான் நாம் இன்றும் துதிப்பாட்டாகப் பாடுகிறோம்.

பொய்யாகாதா என்று கேட்டீர்கள். இடிந்துபோன எருசலேமுக்காக ஒருவர் அழும் புலம்பல் புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். “அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்ற வசனம் 22, 23இல் வருகிறது. தாமஸ் சிஸம் என்ற அமெரிக்கர் 1923இல் எழுதி உலகமெங்கும் பரவிய ஆங்கிலக் கீதத்துக்கு ஆதாரமும் அதுதான். ஆனால் அதே அதிகாரத்தின் 8ஆம் வசனத்தில் அதே மனிதர், “நான் கூப்பிட்டுக் கதறினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்” என்கிறார். இரண்டுக்கும் இடையே 14 வசனங்கள்தான், அதற்குள் எருசலேமின் இடிபாடு ஒன்றும் மாறிவிடவில்லை. முதலாவதைச் சொன்னவர் இரண்டாவதைச் சொன்னபோது பொய் சொன்னார் என்று நாம் நினைப்பதில்லை. இரண்டையும் ஒரே வாயால் ஒரே கடவுளிடம் சொன்னார். நீங்களும் சொல்லலாம், தம்பி.

பதில் 2: எலத்தகிரி வாசகர்

ஐயா எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. நான் கத்தோலிக்கன், எங்கள் ஊர்ப் பங்கில் வளர்ந்தவன். ஆகையால் சொற்கள் கொஞ்சம் வேறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை, எங்கள் வீட்டுப் பாட்டிமார் சிறுமலர் என்று சொல்லும் அந்தப் புனிதையை, ரோஜாப்பூக்களோடு நிற்கும் படத்தில் மட்டும் பார்த்து அவருடைய வாழ்க்கை இனிமையாகவே கழிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் 1896ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலம் முதல் 1897 செப்டம்பர் 30இல் தமது 24ஆம் வயதில் காசநோயால் இறக்கும் வரை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, விண்ணகம் என்ற ஒன்று உண்டா என்றே தெரியாத இருளில் அவர் இருந்தார். அந்த நாட்களிலும் விண்ணக இன்பத்தைப் பற்றிக் கவிதைகள் எழுதினார். அவற்றைப் படிப்பவர்கள் தம் உள்ளம் ஆறுதலால் நிறைந்திருப்பதாக எண்ணக்கூடும், ஆனால் தமக்கு அதில் எந்த மகிழ்ச்சியும் இல்லை, எதை விசுவசிக்க விரும்புகிறேனோ அதையே பாடுகிறேன் என்று தம் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். திருச்சபை அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. புனிதர் என்றது, மறைவல்லுநர் என்றும் பட்டம் கொடுத்தது.

நம் ஆண்டவரே சிலுவையில் தமக்கென்று புதிதாக ஒரு வார்த்தை தேடவில்லை. “என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைநெகிழ்ந்தீர்” என்ற குரல் 22ஆம் திருப்பாடலின் முதல் வரி. தமக்கு முன்னே ஒருவர் அழுது பாடிய பாட்டை எடுத்துக்கொண்டார். உங்களுக்குச் சொந்தச் சொல் வராதபோது பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்வதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, சகோதரரே.

பதில் 3: செவிலியர், தருமபுரி

அண்ணா, மேலே எழுதிய இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரு மறுப்பு இருக்கிறது. பாடலாம் என்பது வேறு, பாடியே ஆக வேண்டும் என்பது வேறு.

எனக்கு முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்து நான்கு நாட்கள் இருந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் ஆலயத்தில் நான் ஒரு பாட்டும் பாடவில்லை. கடைசி வரிசையில், கதவோரம் உட்காருவேன். பாடினால்தான் விசுவாசம், முகத்தில் சந்தோஷம் காட்டினால்தான் சாட்சி என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது என்னை ஆலயத்தை விட்டே துரத்தியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயதான அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல், பாட்டு நடக்கும்போதெல்லாம் தன் பாட்டுப் புத்தகத்தை என் மடிப்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பார். அவர் பாடுவார், நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வருடம் முழுவதும் அவர் பாடியது எனக்காகவும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நித்திய புயங்களில் சாய்ந்திருப்பதைப் பற்றிய ஆங்கிலக் கீதம் ஒன்று 1887இல் வந்தது. அது பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆந்தனி ஷோவால்டர் என்ற இசை ஆசிரியருக்கு, மனைவியை இழந்த இரண்டு பேரிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவர்களுக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்தவர் உபாகமம் 33:27ஐ, “அவருடைய நித்திய புயங்கள் உனக்கு ஆதாரம்” என்ற வசனத்தை, நினைத்தார். அதிலிருந்து அந்தப் பல்லவி வந்தது. சரணங்களை எலிஷா ஹாஃப்மன் எழுதினார். துக்க வீட்டுக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த பாட்டு அது. நீதிமொழிகள் 3:5இலும் “உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்” என்று அதே சொல்தான் வருகிறது. வார்டில் தினமும் பார்க்கிறேன்: அறுவை சிகிச்சை முடிந்து முதல்நாள் எழுந்து நடக்கிறவர் முழுப் பாரத்தையும் நம் தோளில் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசாததால் அவர் நம்மை நம்பவில்லை என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஆகவே உங்களால் முடியவில்லை என்றால் சில வாரங்களுக்குப் பாட்டை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். அப்படிச் செய்தால் கர்த்தர் உங்களைக் குறைவாக எண்ண மாட்டார்.

அந்தப் பிரசங்கியார் சொன்னது என்னைக் கோபப்படுத்தியது. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று ஆண்டவர் சொன்னது யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேங்காய் வைத்துப் பார்த்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதற்காகப் பூமிக்கடியில் ஓடிய தண்ணீரைக் கர்த்தர் இழுத்துக்கொண்டார் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

பதில் 4: நிலத்தடி நீர்ப் பணியில் இருந்தவர், கிருஷ்ணகிரி

போரைப் பற்றி நான் எழுத வேண்டும். முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தவன்.

முதலில் ஈசாக்கின் கிணறுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த வேதபகுதியை உங்களுக்குத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள். ஆதியாகமம் 26இல் ஏசேக்கு, சித்னா என்ற முதல் இரண்டு கிணறுகளும் வறண்ட கிணறுகள் அல்ல. முதல் கிணற்றில் சுரக்கும் நீரூற்றைக் கண்டார்கள் என்றே எழுதியிருக்கிறது. தண்ணீர் எங்களுடையது என்று கேராரூர் மேய்ப்பர் வாக்குவாதம் செய்ததால் ஈசாக்கு அதை விட்டுவிட்டுப் போனார். இரண்டாவதற்கும் சண்டை வந்தது. மூன்றாவதற்கு வாக்குவாதம் இல்லை, ஆகையால் ரெகொபோத் என்று பேரிட்டார். தண்ணீர் கிடைக்காதவன் கடன்மேல் கடன் வாங்கித் தோண்டிக்கொண்டே போக வேண்டும் என்பதற்கு அந்த அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் கீழே இருப்பது கடினப் பாறை. மணற்பாங்கான நிலத்தில் நீர் ஊறி நிற்பதுபோல் இங்கே நிற்காது. பாறையின் விரிசல்களில் மட்டுமே இருக்கும். ஆழம் போகப் போகப் பாறை இறுகி விரிசல்கள் குறைந்துவிடும். ஆகவே 1,150 அடியில் புகை வந்த நிலத்தில் 1,400 அடி போனால் தண்ணீர் வரும் என்று நினைப்பது பெரும்பாலும் சூதாட்டத்தில்தான் முடியும். தப்பித்தவறி வந்தாலும் ஃப்ளோரைடு பயம் இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. நம் பகுதியில் அதைத் தாண்டிய கிணறுகள் ஏராளம். பிள்ளைகளின் பற்களில் கறையும் பெரியவர்களின் மூட்டுகளில் வலியும் அதனால்தான் வந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததற்கு முக்கியக் காரணமும் அதுவே.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று பிசாசு சொன்னபோது அவனும் வசனத்தைக் காட்டித்தான் சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. அவர் பிதாவைச் சார்ந்திருந்தது அந்த மறுப்பில்தான் தெரிந்தது. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவும் எதிரிகள் வருகிறார்கள் என்று கேட்டதும் ஜெபம்பண்ணினார், இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார். 4ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வேளாண்மைப் பொறியியல் துறையில் மின்தடை முறையில், அதாவது நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து, நிலத்தை ஆய்வு செய்து கொடுப்பார்கள். அந்த அறிக்கை கையில் வரும் வரை ரிக் வண்டியை வயலுக்குள் விடாதீர்கள். பண்ணைக்குட்டைக்கு மானியம் விசாரியுங்கள். சிறு, குறு விவசாயி சான்றிதழ் இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. ஒரு பருவத்துக்குத் தக்காளியை விட்டுவிட்டு மானாவாரியாகக் கேழ்வரகோ சாமையோ போடுங்கள். வருமானம் குறைவுதான், ஆனால் கடன் ஏறாது. இன்னொன்று: ஈசாக்கு புதுக் கிணறு தோண்டுவதற்கு முன்பு, 18ஆம் வசனத்தின்படி, தன் தகப்பன் நாட்களில் வெட்டித் தூர்ந்துபோன கிணறுகளைத் திரும்பத் தோண்டினார். உங்கள் நிலத்தில் பழைய திறந்த கிணறு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தூர்வாரி, மழைநீர் வடிகட்டி உள்ளே இறங்கும்படி வழி செய்யுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எழுதிய எல்லோருக்கும் நன்றி. அக்கா என்று கூப்பிடவா தங்கை என்று கூப்பிடவா என்று தெரியவில்லை, தருமபுரிச் செவிலியர் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எழுதியதை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

கடன் வாங்கவில்லை. கடன் தருவதாகச் சொன்னவரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், மைத்துனரிடமும் சொன்னேன். எங்கள் தாத்தா வெட்டிய கிணறு ஒன்று வரப்போரத்தில் உண்டு. முள்ளும் குப்பையும் போட்டு மூடிவிட்டோம், அதை நாங்கள் கிணறு என்று நினைப்பதையே விட்டுவிட்டோம். இப்போது நானும் மகனும் மைத்துனரும் 15 அடி தூர் எடுத்திருக்கிறோம். அந்தக் காலத்தில் மாடு கட்டி நீர் இறைத்த உடைந்த கவலைச்சால் ஒன்றும் நிறையக் கல்லும் வந்தன, தண்ணீர் இல்லை. மழை பெய்தால் தெரியும். ஒரு ஏக்கரில் கேழ்வரகு விதைக்க நிலம் உழுதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். பாட்டை வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான். சுருதி கொஞ்சம் ஏறிவிடுகிறது, பழகிவிடுவான். போன வாரம் “சரணம்” என்ற இடத்தில் மட்டும் என் குரலும் சேர்ந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு என்ன கொண்டுபோவது என்று பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஆபகூக் 3ஆம் அதிகாரத்தை எடுத்து, பண்டிகை ஆராதனையில் இதை வாசிக்கச் சொல்லி ஆயரைக் கேளுங்கள் என்றாள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று வரும் பகுதி. எங்கள் தொழுவத்தில் மாடு இருக்கிறது, கன்றும் போட்டிருக்கிறது என்றாள். ஆயர் சம்மதித்துவிட்டார், வாசிக்கப்போவதும் அவள்தான். கூடை இல்லாவிட்டாலும் ஒரு சொம்புப் பால் கொண்டுபோய் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எத்தனையோ முறை வாசித்தும் அந்த அதிகாரத்தின் கடைசி வரியை நான் கவனித்ததே இல்லை. அந்த ஜெபம் முழுவதும் வாத்தியத்தில் வாசிக்கும்படி இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கிறது. பண்டிகைக்கு முன் அதற்கு ஒரு மெட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று இரவில் ஆர்மோனியத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம்: “போனாலும், போனாலும்” என்று அடுக்கிக்கொண்டே வரும் அந்த வரிகள் எந்தச் சந்தத்தில் உட்காரும் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.